வெள்ளத்தில தாண்ட (மூழ்கின) வெள்ளாமைய அப்படியே விடுறதா, உழுதுபோட்டுத் திரும்ப விதைக்கிறதா?

கார்த்திகை கடைசியில இருந்து தை மாசம் வரைக்கும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால, படுவான்கரைப் பக்கம் யாரைக் கண்டாலும் முதல் கேள்வி "உங்கட வட்டைக்குள்ள (வயல்வெளிக்குள்ள) தண்ணி வடிஞ்சிட்டா?" வடிஞ்சிட்டு எண்டு சொல்லி வாய் மூடுறதுக்குள்ள அடுத்த கேள்வி வந்துரும், "மறுகா என்ன செய்யப் போறீங்க, விடுறீங்களா, திரும்ப விதைக்கிறீங்களா?" இந்த ரெண்டாவது கேள்விக்குத்தான் இத எழுதுறன். வெள்ளம் வாறத நம்மளால தடுக்க ஏலா, ஆனா வெள்ளம் வடிஞ்ச மறுநாள் அவசரத்தில எடுக்கிற முடிவால போற நெல்லு இருக்கே, அத மிச்சம் பிடிக்கலாம், எங்கட குடும்பத்தில நாங்க அப்படி ஒரு போகத்தில ஒண்ணரை ஏக்கர இழந்துதான் இத விளங்கிக்கொண்டம்.

முதல்ல தண்ணிக்குள்ள பயிருக்கு என்ன நடக்குது எண்டு பார்க்கணும். நெல்லு தண்ணிப் பயிர்தானே, தண்ணி கூடினா என்ன எண்டு கேக்கிற ஆக்கள் இருக்காங்க. ஒரு நெல்லுத் தண்டக் குறுக்கால வெட்டிப் பாருங்க, உள்ளுக்குள்ள சின்னச் சின்னக் காத்துக்குழாய் தெரியும், மேல நிக்கிற இலை எடுக்கிற காத்து அந்தக் குழாயால இறங்கித்தான் சேத்துக்குள்ள கிடக்கிற வேருக்குப் போகுது. அதால இலைநுனி ஒரு விரக்கடை வெளியில நிண்டாலும் பயிர் தாக்குப்பிடிக்கும். நுனியும் தாண்ட அண்டைக்குத்தான் கணக்குத் தொடங்குது. வாயு காத்துக்குள்ள பரவுற வேகத்தோட பார்த்தா தண்ணிக்குள்ள பரவுற வேகம் கிட்டத்தட்ட 10,000 மடங்கு குறைவு, அப்ப பயிருக்கு மூச்சு முட்டுது. வெள்ளத்தண்ணி கலங்கல் வேற, வெயில் உள்ளுக்குப் போகாது, சாப்பாடு செய்ய ஏலா. அந்த நேரத்தில பயிர் என்ன செய்யும் எண்டா, எப்படியாவது தலைய வெளிய நீட்டிரணும் எண்டு இலையையும் தண்டையும் நீட்டி நீட்டி வளரும், அதுக்கு அடித்தண்டில சேத்து வச்சிருக்கிற மாவுச்சத்தெல்லாத்தையும் செலவழிக்கும். ரெண்டு மூணு நாளில தலை வெளிய வந்துட்டா தப்பிச்சுது. வராட்டி சேமிப்பும் போய், தண்ணி வத்தின உடன நனைஞ்ச நூல் மாதிரி நிலத்தில படுத்துரும். அதோட அத்தன நாள் இருட்டுக்குள்ள கிடந்த இலைக்கு திடீரெண்டு வெயிலும் காத்தும் படக்குள்ள அதுவே ஒரு தாக்கம், அதாலதான் வடிஞ்ச அண்டைக்குப் பச்சையாத் தெரிஞ்ச பயிர் மூணாம் நாள் கருகிக் கிடக்கும்.

இந்த நீட்டி வளருற பழக்கத்த நிப்பாட்டி வைக்கிற ஒரு மரபணு இருக்கு, சப்1 எண்டு பேர். இந்தியாவில ஒடிசாப் பக்கத்துப் பழைய நெல்லு ஒண்டில இருந்து, எஃப்ஆர்13ஏ எண்டு சொல்றது, அதில இருந்துதான் எடுத்தாங்க, 2006இல அந்த மரபணு இதுதான் எண்டு கண்டுபிடிச்சு, 2009இல ஸ்வர்ணா சப்1 எண்டு இந்தியாவில விவசாயிகளுக்குக் குடுத்தாங்க. அந்தப் பயிர் தண்ணிக்குள்ள நீளாது, சத்தச் செலவழிக்காம அடங்கிக் கிடந்து ரெண்டு கிழமை வரைக்கும் தாங்கி, தண்ணி வடிஞ்ச பிறகு எழும்பும். நம்மட கையில இருக்கிற பீஜி 94-1, ஏடி 362, பீஜி 300 எண்ட நெல்லினமெல்லாம் அந்தக் குணத்துக்காக வளத்த நெல்லு இல்ல. அதால நம்மட கணக்கு வேற: முழுசாத் தாண்டு மூணு நாலு நாள் எண்டா பெரும்பாலும் எழும்பும், ஒரு கிழமைக்கு மேல போனா பெரும்பகுதி போயிரும், இதுக்கு இடையில கிடக்கிற நாளுக்குத்தான் மண்டையப் போட்டு உடைக்கிற.

நாள் எண்ணுறதில எல்லாரும் விடுற பிழை ஒண்டு. "எங்கட வயலுக்குள்ள எட்டு நாள் வெள்ளம்" எண்டு சொல்லுவாங்க. எட்டு நாள் வரம்பு தண்ணிக்குள்ள கிடந்திருக்கும், சரி, ஆனா இலைநுனி தாண்டது எத்தின நாள்? அது நாலு நாளா இருக்கலாம். அந்த நாலுதான் கணக்கு. அதே மாதிரி ஆத்துப் பக்கத்து வயலில தண்ணி ஓடிக்கொண்டு இருந்திருக்கும், ஓடுற தண்ணியில காத்து இருக்கும், சூடும் குறைவு. வாவிப் பக்கம் பள்ளக்கண்டத்தில (பள்ளமான வயல் துண்டில) முகத்துவாரம் வெட்டி வாவித் தண்ணியக் கடலுக்கு விடுற வரைக்கும் தேங்கிக் கிடக்கிற கலங்கல் தண்ணி அப்படி இல்ல, அங்க நாலு நாளே மத்த இடத்தில அதைவிடக் கூடின நாளுக்குச் சமன்.

இதோட பயிருட வயசச் சேத்துப் பார்க்கணும், என்னட்டக் கேட்டா நாளவிட வயசுதான் பெரிசு. 2011 ஜனவரியில வந்த வெள்ளத்த ஆரும் மறந்திருக்க மாட்டாங்க, மட்டக்களப்பிலயும் அம்பாறையிலயும் கதிர் தள்ளி முத்துற பயிரும், கதிர் இன்னும் தண்டுக்குள்ள இருக்கிற குடலைப் பயிரும் அப்படியே தாண்டு, மறுகா மாசி மாசமும் திரும்ப அடிச்சுது. அப்ப திரும்ப விதைக்கிறதா எண்ட கேள்விக்கே இடமில்ல, காலம் முடிஞ்சு. 2024 நவம்பர் கடைசியில வந்த வெள்ளம் அப்படி இல்ல, கன இடத்தில பயிர் மூணு நாலு கிழமைக்குள்ள நிண்டுது, சில வட்டையில விதைச்சு ஒரு கிழமையும் இல்ல. பார்க்கிற கண்ணுக்கு ரெண்டும் ஒரே வெள்ளம்தான், முடிவு மட்டும் தலைகீழ்.

ஏன் வயசு இவ்வளவு முக்கியம் எண்டா, நெல்லுக்கு நம்மட மனுசருக்கு இல்லாத ஒரு ஒழுங்கு இருக்கு. எந்த இனமா இருந்தாலும் கடைசி 65 நாள் கிட்டத்தட்ட ஒண்டுதான்: உள்ளுக்குள்ள கதிர் உருவாகத் தொடங்கினதில இருந்து பூ வாறதுக்கு 35 நாள், பூவில இருந்து முத்துறதுக்கு 30 நாள். மூணரை மாச நெல்லுக்கும் ரெண்டரை மாச நெல்லுக்கும் உள்ள வித்தியாசம் முன்னுக்கு இருக்கிற நாளிலதான். மூணரை மாசத்துக்கு 40 நாள் மட்டம் வெடிச்சு (அடியில பக்கத்தண்டு விட்டு) வளர இருக்கு, பீஜி 250க்கு 80 நாளில 65ஐக் கழிச்சா 15 நாள்தான். அப்ப மூணரை மாசப் பயிர் 20, 25 நாளில வெள்ளத்தில அடிபட்டா, பாதி செத்தாலும் மிச்சப் பாதிக்கு மட்டம் வெடிச்சு இடத்த நிரப்புறதுக்குக் காலம் இருக்கு. அதே பயிர் 60 நாளில குடலையில அடிபட்டா, தண்டு உசிரோட இருக்கும், ஆனா உள்ளுக்குள்ள இருக்கிற பிஞ்சுக் கதிருக்கு மூச்சு முட்டி மகரந்தம் செத்துப்போயிரும், மறுகா வெளிய வாற கதிர் வெள்ளையா நிமிர்ந்து நிக்கும், எல்லாம் பதர். பூக்கிற நேரம் அதைவிட மோசம், நெல்லுப்பூ காலையில ஒன்பது மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில கொஞ்ச நேரம்தான் வாய் திறக்கிற, அந்த நேரம் தண்ணிக்குள்ள கிடந்தா பால் பிடிக்காது.

இன்னொண்டு, இது நம்மட பள்ளக்கண்டக்காரர் கவனிக்காத விசயம். முழுசாத் தாளாம முழங்கால் அளவுத் தண்ணி மாசக்கணக்கா நிண்டாலும் விளைச்சல் குறையும், பயிர் சாகாது, ஆனா மட்டம் வெடிக்காது. பார்க்கப் பச்சையா உயரமா நிக்கும், வெட்டக்குள்ளதான் மூடை குறையிறது தெரியும். வக்கடை (வரம்பில தண்ணி வடியிற வாய்) வெட்டிவிட வழி இருந்தா அந்தத் தண்ணிய இறக்கிரணும்.

சரி, இப்ப என்னென்ன வழி இருக்கு. இருக்கிற பயிர விட்டு அதப் பராமரிக்கிறது ஒண்டு. விட்டுட்டு வெறுமையான இடத்த நாத்தால நிரப்புறது ஒண்டு. முழுசா உழுதுபோட்டுக் குறைஞ்ச வயசு நெல்லு விதைக்கிறது ஒண்டு. இந்தப் போகத்த விட்டு, அடுத்து வாற சிறுபோகத்துக்குக் காத்திருக்கிறது இல்லாட்டி பயறு போடுறது ஒண்டு. இதுக்குள்ள எனக்குப் பிடிச்சது முதல் ரெண்டும்தான், அத மறைக்காம முதல்லயே சொல்லிருறன், ஆனா பிடிச்சதுக்காக எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது.

ஒரு வருசம் உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்து எங்கட மூணரை ஏக்கரும் தாண்டுது. மேட்டுக்கண்டம் ரெண்டு ஏக்கர் மூணு நாள், பள்ளக்கண்டம் ஒண்ணரை ஏக்கர் ஆறு நாள். மூணரை மாச நெல்லு, வயசு 24 நாள். தண்ணி வடிஞ்ச அண்டு போய்ப் பார்த்தன், மண்ணிற வண்டல் பூசி எல்லாம் தரையோட ஒட்டிக் கிடக்கு, ஒரு பச்சை இல்ல. எனக்கு வயிறு எரிஞ்சு, அந்த இடத்திலயே நிண்டு உழவு மிசின்காரருக்குக் கோல் எடுத்துட்டன். மாமா பின்னால வந்தவர், பேசாம கண்டத்துக்குள்ள இறங்கி ஒரு பயிரப் புடுங்கினார். வேர் முழுக்கக் கறுப்பு, கூழ்முட்டை மணம் மணக்குது. நான் "பாருங்க மாமா, செத்துட்டு" எண்டன். அவர் அதத் தண்ணியில அலசிப்போட்டு, பெருவிரல் நகத்தால அடித்தண்ட நெடுகப் பிளந்து காட்டினார். உள்ளுக்குள்ள குருத்து, ஒரு அரை விரக்கடை நீளத்துக்கு, தேங்காய்ப்பூ நிறத்தில, இறுக்கமா இருக்கு. அடியில கறுத்த வேருக்கு மேல ரெண்டு மூணு புது வேர், வெள்ளையா, ஊசி முனை அளவு எட்டிப் பார்க்குது. "மருமகன், இது செத்த பயிர் இல்ல, அஞ்சு நாள் பொறுங்க" எண்டார். மேட்டுக்கண்டத்துக்குள்ள மிசின் இறக்க விடல்ல. பள்ளக்கண்டத்த நான் உழுதுபோட்டன்.

அஞ்சாம் நாள் மேட்டுக்கண்டத்தில ஒவ்வொரு பயிருக்கும் நடுவால ஒரு இளம்பச்சைச் சுருள் வந்துது. அந்த வருசம் அந்த ரெண்டு ஏக்கரும்தான் எங்களுக்கு அரிசி தந்தது.

அந்தச் சோதினையத்தான் இப்ப எல்லாருக்கும் சொல்றன். தண்ணி வடிஞ்ச அண்டு முடிவு எடுக்க ஏலா, மூணாம் நாளும் அஞ்சாம் நாளும் கண்டத்துக்குக் கண்டம் பத்துப் பதினைஞ்சு இடத்தில பயிரப் புடுங்கிப் பிளந்து பாருங்க. குருத்து வெள்ளையா இறுக்கமா இருந்தா உசிர் இருக்கு. மண்ணிறமாக் குழைஞ்சு, மெல்ல இழுக்கத் தனிய கழண்டு வந்தா இல்ல. வேர் கறுப்பா இருக்கிறத வச்சு முடிவெடுக்காதீங்க, காத்தில்லாத சேத்துக்குள்ள அது கறுக்கத்தான் செய்யும், புது வெள்ளை வேர் வருதா எண்டதுதான் பார்வை. பிறகு ஒரு அடிச் சதுரத்துக்கு ஈர்க்கில் சட்டம் ஒண்டு செஞ்சு கண்டத்துக்குள்ள அங்க இங்க போட்டு உசிருள்ள பயிர எண்ணுங்க. மூணரை மாச நெல்லு, 30 நாளுக்குள்ள வயசு, சட்டத்துக்கு எட்டு ஒன்பது பயிர் பரவலா நிண்டா நான் தொடமாட்டன், அப்படியே விட்டுருவன். நாலு அஞ்சுக்குக் கீழ போனா விடுறதில அர்த்தமில்ல. இடையில எண்டா நாத்து. ஏழாம் நாளுக்குள்ள முடிவு வந்திரணும், அதுக்கு மேல யோசிச்சுக்கொண்டு இருந்தா திரும்ப விதைக்கிற ஆளுக்கு நாள் போயிரும்.

விடுறது எண்டா கையக் கட்டிக்கொண்டு இருக்கிறது இல்ல. முதல் நாள் எல்லாத் தண்ணியையும் இறக்கிக் கண்டத்தக் காயவிடக்கூடாது, வெயில் எறிச்சா பலவீனமான இலை சுருண்டு போகும், ஒரு அங்குலம் தண்ணி நிக்கட்டும். இலையில வண்டல் படிஞ்சிருந்தா மருந்தடிக்கிற டாங்கியில வெறும் நல்ல தண்ணி நிரப்பி அடிச்சுக் கழுவிவிடுங்க, நாங்க செய்தம், ரெண்டு ஏக்கருக்கு ஒரு நாள் வேலை, இலை வெயிலப் பார்த்தாத்தான் பயிர் திரும்பச் சத்துச் சேக்கும். யூரியா எறியிறதுக்கு அவசரப்படாதீங்க. புது இலை விரிஞ்ச பிறகு, அதாவது வடிஞ்சு அஞ்சு ஏழு நாளில, யூரியாவும் கொஞ்சம் பொட்டாசும் சேத்து எறியலாம், மண்ணில இருந்த நைதரசன் வெள்ளத்தோட போயிருக்கும், அதால அது வேணும்தான். ஆனா அளவு மீறினா இலை தளதளத்து அறக்கொட்டிப் பூச்சியும் எரிபந்த நோயும் தேடி வரும். இன்னொண்டையும் சேத்துச் சொல்றன், மழை எச்சரிக்கை வந்திருக்கிற நேரம் யூரியா எறிஞ்சா அது ரெட்டை நட்டம், உரமும் போகுது, உரம் குடிச்ச பயிர் தண்ணிக்குள்ள இன்னும் வேகமா நீண்டு லேசாச் சாகுது.

விட்டதுக்கு ஒரு விலையும் இருக்கு, ஒளிக்கத் தேவையில்ல. அடிபட்ட பயிர் வெட்டுக்கு வர ஒரு கிழமை பத்து நாள் பிந்தும், எல்லாம் ஒண்டா முத்தாது, மட்டத்தில வந்த கதிர் சின்னன், அரைவாசிக்குக் கொஞ்சம் கூட, முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைய எண்டுதான் எங்களுக்கு வந்தது. ஆனா அதுக்கு நாங்க திரும்பச் செலவழிச்சது ஒரு தரம் உரம் மட்டும்தான்.

நாத்தால நிரப்புறதப் பற்றி. நம்மட பக்கம் வீசி விதைக்கிற பழக்கம், நாத்து எண்ட உடன ஆளுக்கு எங்க போறது எண்டு கேப்பாங்க. முழு வயலுக்கும் நடச் சொல்லல்ல. பயிர் அடர்த்தியா நிக்கிற மேட்டுப் பக்கத்தில இருந்து பறிச்சு பள்ளத்து வெறுமையில நடுறது, இதான் ஆகக் குறைஞ்ச செலவு, ஆகக் கூடின பலன். ஒரே விதை, ஒரே வயசு, ஒண்டா முத்தும். நாலு பொம்பிளையள் ரெண்டு நாள் நிண்டா அரை ஏக்கர் வெறுமை மூடலாம். எங்கட மச்சி ஆக்கள் வந்துதான் எங்களுக்கு நட்டுத் தந்தாங்க, கூலிக்கு ஆள் தேடியிருந்தா அந்தக் கிழமை வட்டையில ஒருத்தரும் கிடைச்சிருக்க மாட்டாங்க.

பறிக்க அடர்த்தி இல்லாட்டி டபொக் நாத்து (பொலித்தீனுக்கு மேல அடர்த்தியா வளக்கிறது) இல்லாட்டி பரசூட் தட்டு நாத்து (குழித்தட்டில வளத்து வயலுக்குள்ள வீசுறது). வயலில தண்ணி நிக்கக்குள்ளயே வீட்டு முத்தத்தில பொலித்தீன் விரிச்சு டபொக் போட்டுட்டா 12, 14 நாளில நாத்துத் தயார், வெள்ளம் வடியிறதுக்கும் நாத்து எழும்புறதுக்கும் சரியா இருக்கும், விதைக்கிறதோட பார்த்தா அத்தன நாள் மிச்சம். இதில ரெண்டு எச்சரிக்கை. ரெண்டரை மாச நெல்ல நாத்தாப் போடாதீங்க, மேல சொன்ன கணக்குப்படி அதுக்குப் பதினைஞ்சு நாளில கதிர் கட்டத் தொடங்குற, தட்டுக்குள்ள வச்சிருந்து நட்டா வேர் பிடிக்கிறதுக்குள்ள குடலையாகி ஒரு சாண் உயரத்தில கதிர் தள்ளி நிக்கும். மூணு மாச நெல்லு பாவிக்கலாம். அடுத்தது நிறம், ஏடி 362 சிவப்பு, பீஜி 300 வெள்ளை, சிவப்புக்குள்ள வெள்ளையக் கலந்து நிரப்பிட்டு ஆலைக்குக் கொண்டுபோனா கலப்பு நெல்லு எண்டு விலைய அடிச்சுருவாங்க.

இப்ப உழுதுபோட்டுத் திரும்ப விதைக்கிற கதை. விதைச்சு பத்து நாளுக்குள்ள தாண்ட வயலுக்கு இதத் தவிர வேற வழி இல்ல. முளை நெல்லு காத்தில்லாத தண்ணிக்குள்ள முளைக்குருத்த மட்டும் வெள்ளையா நீட்டும், வேர் விடாது, பிறகு மிதந்து வரம்போரம் ஒதுங்கும். அந்த வயல்காரருக்குச் சந்தேகமே வேணாம், விதைச்சுருங்க. வயசுள்ள பயிர் போன ஆக்கள்தான் நாட்கணக்குப் பார்க்கணும்.

டிசம்பர் 22 விதைக்கிறம் எண்டு வைங்க. பீஜி 250 எண்டா மார்ச் 12 அளவில வெட்டு, பூ பெப்ரவரி 10 அளவில. மூணு மாச நெல்லு எண்டா அதுக்கு மேல ஒரு பத்து நாள். மூணரை மாச நெல்லையே திரும்ப விதைச்சா ஏப்ரல் முதல் கிழமை வெட்டு, பூ மார்ச் முதல் கிழமை. மானாவாரி வயலில மாசி பாதிக்கு மேல எங்க மழை? பூக்கிற நேரம் நிலம் வெடிச்சுக் கிடக்கும், வெள்ளத்தில போன வெள்ளாமை திரும்ப வரட்சியில போகும். அதால மானாவாரிக்கு என்ட எல்லை டிசம்பர் கடைசி, அதுவும் ரெண்டரை மாச நெல்லு மட்டும். குளத்துத் தண்ணி நிச்சயம் எண்டா தைப்பொங்கல் வரைக்கும் இழுக்கலாம். நெல்லு வாங்கக்குள்ள இனத்துப் பேரப் பார்த்தாலே வயசு விளங்கும், பீஜி எண்டா பத்தலகொட, ஏடி எண்டா அம்பலாந்தோட்டை, பக்கத்தில இருக்கிற இலக்கத்தில முதல் பகுதிதான் மாசம், 250 ரெண்டரை, 300 மூணு, 352, 362 எல்லாம் மூணரை. பீஜி 94-1 மாதிரிப் பழைய பேரெல்லாம் இந்தக் கணக்குக்குள்ள வராது, அதுவும் மூணரைதான்.

பீஜி 250 விதைச்சா விளைச்சல் குறைவு, அதுக்கு மட்டம் வெடிக்கக் காலமே இல்ல, அதால அடர்த்தியா விதைக்கணும். வழமையா ஏக்கருக்கு 2 புசல் (ஒரு புசல் கிட்டத்தட்ட 20 கிலோ) போதும் எண்டு சிபாரிசு, இதுக்கு நான் 3 போடுவன். அதுவும் சின்ன வயசில ரெண்டாவது வெள்ளம் வந்து அடிச்சா திருத்திக்கொள்ள அதுக்கு நாள் இல்ல.

மறுகா விதைநெல்லு. வெள்ளத்துக்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரம் விதை தேடுவாங்க, அந்த நேரம் என்ன கிடைச்சாலும் வாங்குவம். நாங்க பள்ளக்கண்டத்துக்கு அப்படி வாங்கின நெல்லு, வாங்கின இடத்தச் சொல்லல்ல, அரைவாசிதான் முளைச்சுது, முளைச்சதுக்குள்ள பன்றிநெல்லு எண்ட களைநெல்லு வேற, அது இண்டைக்கு வரைக்கும் அந்தக் கண்டத்த விட்டுப் போகல்ல. நூறு நெல்ல எண்ணி நனைஞ்ச சாக்குத் துண்டில சுருட்டி மூணு நாள் வச்சுப் பார்த்திருந்தா விளங்கியிருக்கும், 85க்குக் கீழ முளைச்சா அத விதைநெல்லு எண்டு சொல்ல ஏலா. மூணு நாள் பொறுக்காததுக்கு அஞ்சு வருசம் களை புடுங்குறம்.

ஆனா திரும்ப விதைக்கிறதில ஆகப் பெரிய இடி இது எதுவும் இல்ல, தனிய நிக்கிறதுதான். பக்கத்துக் கண்டக்காரரெல்லாம் விட்டுட்டாங்க, பெப்ரவரியில வெட்டி முடிச்சுட்டாங்க. உங்கட ஒண்ணரை ஏக்கர் மட்டும் மார்ச் மாசம் பச்சையா நிக்கிது. வட்டையில இருக்கிற அத்தன குருவியும் எலியும் அறக்கொட்டியும் அங்கதான் வரும். வெட்டு முடிஞ்ச வட்டைக்குள்ள மாடு அவிட்டு விட்டுருவாங்க, ராவும் பகலும் காவல் இருக்கணும். யானை ஆத்தங்கரையில நிண்டு பார்த்து நேர உங்கட கண்டத்துக்குத்தான் நடக்கும். கடைசியில வெட்டுமிசின்காரர் ஒண்ணரை ஏக்கருக்காக அவ்வளவு தூரம் வரமாட்டன் எண்டுவார். எங்கட பள்ளக்கண்டத்துக்கு நடந்தது இதுதான், விதைச்சது 45 நாள் பச்சையா நிண்டுது, கதிர் தள்ளி ஒரு கிழமையில ரெண்டு ராத்திரியில யானை மிதிச்சு முடிச்சுது. நானும் மச்சானும் வாடியில வெடி கொளுத்திக்கொண்டு விடிய விடிய இருந்தம், மூணாம் நாள் களைச்சுப்போய்ப் படுத்துட்டம்.

அதால திரும்ப விதைக்கிறது எண்டா வட்டையா முடிவு எடுங்க. வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானைக்குச் சொல்லி, பக்கத்துக் கண்டக்காரரையும் கூப்பிட்டு, குறைஞ்சது ஒரு பத்துப் பதினைஞ்சு ஏக்கர் சேந்து ஒரே கிழமைக்குள்ள ஒரே வயசு நெல்லு விதைச்சாத்தான் காவலும் மிசினும் சரிவரும். சேர ஆள் இல்லாட்டி, குளத்துத் தண்ணி உள்ள வயல்காரர் அந்தப் பகுதிய சிறுபோகத்துக்கு விடுறது புத்தி, வெள்ளம் வந்த வருசம் குளம் நிறைஞ்சிருக்கும், சிறுபோகத்துக்குத் தண்ணி கிடைக்கிற ஏக்கரும் கூடும். மானாவாரியா, தண்ணி வடியிற மணல் கலந்த நிலமா இருந்தா தை கடைசியில பயறு இல்லாட்டி கௌபி போடலாம், நிலத்து ஈரத்திலயே அறுபது எழுபது நாளில எடுத்துரலாம். களிநிலத்தில அது சரிவராது, வேர் அழுகும். எந்த முடிவு எடுத்தாலும் உழவு மிசின் இறக்க முதல் கமநல சேவை நிலையத்தில அறிவிச்சு, கண்டத்த நாலு மூலையில நிண்டு போட்டோ எடுத்து வைங்க, உழுதுபோட்ட நிலத்தில என்ன அழிஞ்சுது எண்டு பிறகு காட்ட ஏலா.

குடலையிலயும் பூவிலயும் அடிபட்ட பயிருக்கு இந்த ஒப்பீடு ஒண்டும் உதவாது, அதுக்கு மேல உரமோ மருந்தோ போட்டுக் காச அழிக்காதீங்க, வந்தத வெட்டுங்க. முத்தின கதிர் படுத்துத் தண்ணிக்குள்ள கிடந்தா மட்டும் ஒரு நாளும் பிந்தக்கூடாது, மூணு நாலு நாளில கதிரிலயே முளைச்சுரும். செயின் வெட்டுமிசின் இறங்குறதுக்குக் காத்திருக்காம கத்தியால வெட்டி மேட்டுக்கு எடுத்து, மழை விட்ட நேரம் தார்ப்பாயில பரவிக் காயவைங்க, நிறம் கறுத்தாலும் வீட்டுச் சோத்துக்காவது மிஞ்சும்.

இந்த வருசம் நாங்க வயலப் பிரிச்சுத்தான் விதைச்சிருக்கம். பள்ளக்கண்டம் முதல் மழையோட, ஒக்டோபர் முதல் கிழமையே புழுதியில விதைச்சாச்சு, நவம்பர் கடைசியில வெள்ளம் வந்தா பயிர் உயரமா நிக்கட்டும் எண்டு. மேட்டுக்கண்டம் ரெண்டு கிழமை பிந்தி, ஒரு மூலையில மட்டும் கொஞ்சம் அடர்த்தியா, தேவைப்பட்டா பறிச்சு நட. வீட்டுக்குள்ள பலகை அடிச்சு அதுக்கு மேல ரெண்டு சாக்கு பீஜி 250 ஏத்தி வச்சிருக்கு, நூறு நெல்லு எண்ணி முளைக்கப் போட்டுப் பார்த்தது, 93 முளைச்சுது. மாமா நேத்தும் வந்து சாக்கத் தட்டிப் பார்த்துட்டு, "எலி வாறதுக்கு முதல் தகரத்துக்குள்ள போடுங்க மருமகன்" எண்டு சொல்லிட்டுப் போறார்.